போவிஸ் கோட்டையின் காகிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திப்பு சுல்தானின் பொருள்கள் இன்று எங்கெங்கே இருக்கின்றன என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘ராபர்ட் கிளைவ் கொள்ளையடித்து இங்கிலாந்தின் போவிஸ் கோட்டையில் வைத்தவை’ என்று எழுதியிருக்கிறது. ஒரே வரியில் இரண்டு தவறுகள். போவிஸ் கோட்டை வேல்ஸில், வெல்ஷ்பூல் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. ராபர்ட் கிளைவ் 1774 நவம்பரில் செத்துப்போனவர். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799 மே 4 அன்று. அந்தப் பொருள்களோடு தொடர்புடையவர் அவருடைய மூத்த மகன் எட்வர்ட் கிளைவ். 1798 ஆகஸ்ட் முதல் 1803 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர்.

அப்பன் பெயரும் மகன் பெயரும் மாறியதற்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று கேட்கலாம். ஆள் மாறினால் ஆவணம் தேட வேண்டிய ஊரே மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் பாளையக்காரர் போர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் லண்டனையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வேல்ஸின் மேற்குக் கடற்கரையில் அபெரிஸ்ட்வித் என்ற ஊரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்துக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. போவிஸ் எஸ்டேட்டின் பத்திரங்களும் கணக்குகளும் கடிதங்களும் பெருமளவு அங்கேதான் இருக்கின்றன.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் அந்தக் காகிதங்களில் கால் வைக்க முடியாது. கோட்டையை 13ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் தெற்குப் போவிஸ் என்ற பகுதியை ஆண்ட வெல்ஷ் சிற்றரசர் வம்சத்தார். பல கை மாறி, 1578இல் குத்தகையாகவும் 1587இல் கிரயமாகவும் சர் எட்வர்ட் ஹெர்பர்ட் கைக்கு வந்தது. அவர் முதலாம் பெம்ப்ரோக் பிரபுவின் இரண்டாவது மகன். அவருடைய மகன் 1629இல் போவிஸ் பிரபு ஆனார். இவர்கள் கத்தோலிக்கர்கள். 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டை விட்டு ஓடியபோது முதலாம் போவிஸ் மார்க்வெஸும் (பிரபுவை விட உயர்ந்த பட்டம்) பிரான்சுக்குப் போனார். எஸ்டேட் பறிபோய் வேறொரு பிரபுவிடம் இருந்து, 1722இல்தான் குடும்பத்துக்குத் திரும்பியது.

1748இல் கடைசி மார்க்வெஸ் வாரிசில்லாமல் இறந்தார். சொத்து ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட் என்ற வேறொரு கிளைக்காரருக்குப் போனது. அவருக்குப் போவிஸ் ஏர்ல் பட்டமும் கிடைத்தது. 1751இல் அவர் பழைய கிளையைச் சேர்ந்த பார்பரா ஹெர்பர்ட்டை மணந்து இரண்டு கிளைகளையும் ஒட்டவைத்தார். ஆகவே 1748க்கு முந்திய காகிதங்களில் ஹெர்பர்ட் என்று கண்டால் எந்தக் கிளை, எந்த எஸ்டேட் என்று பார்க்காமல் குறிப்பெடுக்கக் கூடாது. இரண்டு வீட்டுக் கணக்கும் பிற்பாடு ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

இந்தத் தம்பதியின் மகள்தான் ஹென்ரியெட்டா. 1784இல் எட்வர்ட் கிளைவுக்கு வாழ்க்கைப்பட்டார். பெண் வீட்டில் பட்டமும் பரம்பரை நிலமும் இருந்தன, கையில் காசு இல்லை. கோட்டையே பராமரிப்பின்றிக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டில் வங்காளத்தில் சேர்த்த பணம் இருந்தது. ராபர்ட் கிளைவ் 1763லேயே, வேல்ஸை ஒட்டிய இங்கிலாந்து மாவட்டமான ஷ்ராப்ஷயரில் வால்காட் எஸ்டேட்டை வாங்கியிருந்தார். ஓக்லி பார்க் என்ற எஸ்டேட்டை ஹெர்பர்ட்டுகளிடமிருந்தே வாங்கினார். ஹென்ரியெட்டாவின் அண்ணன், இரண்டாம் ஏர்ல், மணமாகாமலே 1801இல் இறந்தபோது போவிஸ் எஸ்டேட் மருமகனுக்கு, அதாவது ஹென்ரியெட்டாவின் மகனுக்குப் போனது. ஒரு நிபந்தனை: கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பர்ட் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 1807இல் அவர் அப்படியே மாற்றிக்கொண்டார். அவர் அப்பா எட்வர்ட் கிளைவுக்கு 1804இல் போவிஸ் ஏர்ல் பட்டம் புதிதாகத் தரப்பட்டது. அதனால் ‘லார்ட் கிளைவ்’ என்று 1774 வரை இருப்பவர் ஒருவர், 1774க்குப் பின் 1804 வரை இன்னொருவர், அதன்பின் மூன்றாமவர். ‘லார்ட் போவிஸ்’ என்பதும் அதே மாதிரி ஆள் மாறிக்கொண்டே வரும். அட்டவணையில் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் இந்த மூவரும் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள். தேதியையும் சேர்த்துத் தேடுவதுதான் வழி.

காகிதங்கள் ஒரே இடத்திலும் இல்லை. வேல்ஸ் நிலங்களைச் சார்ந்தவையும் குடும்பக் கடிதங்களில் பெரும்பகுதியும் அபெரிஸ்ட்வித்தில். ஷ்ராப்ஷயர் நிலங்களைச் சார்ந்தவற்றில் நிறைய ஷ்ரூஸ்பரி நகரத்திலுள்ள மாவட்டக் காப்பகத்தில். ராபர்ட் கிளைவின் இந்தியக் காகிதங்களில் ஒரு பெருந்தொகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். எட்வர்டின் மகள் சார்லெட் சென்னையில் எழுதிய நாட்குறிப்பின் பிரதியும் லண்டனில்தான். ஷ்ரூஸ்பரியும் வெல்ஷ்பூலும் அபெரிஸ்ட்வித்தும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து வருவது ஒரு வசதி.

வேல்ஸில் எல்லா எஸ்டேட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வின்ஸ்டே மாளிகை 1858இல் தீப்பிடித்தபோது அரிய வெல்ஷ் சுவடிகள் சாம்பலாயின. நெருப்பு தொடாத இடத்தில் சட்டம் வந்தது. 1925 சொத்துச் சட்டப்படி நிலத்தின் உரிமையை நிரூபிக்க 30 வருடப் பத்திரங்கள் காட்டினால் போதும் என்றானதும், வக்கீல் அலுவலகங்களில் மூட்டை மூட்டையாகக் கிடந்த பழைய தோல் பத்திரங்கள் வேண்டாத சுமையாகிவிட்டன. எரித்தார்கள், எடைக்குப் போட்டார்கள், விளக்குக் கூண்டு செய்யக்கூட வெட்டினார்கள். நிலக்கிழார்கள் தங்கள் நிலப்பகுதிக்கு நடத்திய மேனர் நீதிமன்றங்களின் பதிவுகளுக்கு மட்டும் 1922 சட்டத்தில் பாதுகாப்பு இருந்தது. அவற்றைக் கண்டபடி அழிக்க முடியாது. இன்று ஒரு வெல்ஷ் எஸ்டேட்டில் நீதிமன்றச் சுருள்கள் இருந்து பத்திரங்கள் இல்லாமல் போயிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். அந்தக் காலத்தில் எஸ்டேட்டுகளே வாரிசு வரி தாங்காமல் துண்டு துண்டாக ஏலம் போய்க்கொண்டிருந்தன. 1907இல் தொடங்கிய தேசிய நூலகம் வாங்கி வைத்திராவிட்டால் பாதிக்கு மேல் போயிருக்கும். போவிஸ் வீட்டில் நான்காம் ஏர்லின் இரண்டு மகன்களும் இரண்டு உலகப் போர்களில் பலியானார்கள். 1952இல் அவர் இறந்தபோது கோட்டை, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் போனது.

இனி வாசிப்பதைப் பற்றி. நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பல; எனக்கு முக்கியம் என்று படுவதைச் சொல்கிறேன்.

கிரயப் பத்திரம் என்று நினைத்து எடுத்தால், ‘5 ஷில்லிங் பெற்றுக்கொண்டு ஒரு வருடத்துக்குக் குத்தகை, வாடகை ஒரு மிளகு’ என்று இருக்கும். பண்ணையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே என்று பலர் திகைக்கிறார்கள். அது உண்மைக் குத்தகை இல்லை. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 1841 வரை நிலத்தை விற்பதற்கு இரண்டு பத்திரங்கள் போட்டார்கள். முதல் நாள் இந்த ஒரு வருடக் குத்தகை. மறுநாள் தேதியிட்டு, மிச்ச உரிமையையும் விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். நிஜத் தொகையும் நிஜ நிபந்தனையும் இரண்டாவதில்தான் இருக்கும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும்; பிரிந்துபோனால் சிறிய தோல் ஒரு கட்டிலும் பெரிய தோல் வேறு கட்டிலுமாகக் கிடக்கும். சிறியது மட்டும் கிடைத்தால் மறுநாள் தேதியைப் போட்டுத் தேடுங்கள். அதே போல ‘500 வருடக் குத்தகை’ என்று கண்டால் அது அநேகமாக அடமானம். கடன் அடைந்த பிறகும் அந்த 500 வருடத்தை ரத்து செய்யாமல் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அந்தப் பெயர்களை நில உரிமையாளர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

குடியானவர்களுக்குக் கொடுத்த குத்தகைகளில் 18ஆம் நூற்றாண்டு வேல்ஸில் பரவலாக இருந்தது மூன்று உயிர்க் குத்தகை. மூன்று பேரைப் பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறிப்பார்கள். மூவரில் கடைசி ஆள் சாகும்வரை நிலம் அந்தக் குடும்பத்திடம் இருக்கும். பெரும்பாலும் குத்தகைதாரர், அவர் மனைவி, சின்னக் குழந்தை ஒன்று. குழந்தை நெடுநாள் இருக்கும் என்ற கணக்கு. ஒருவர் இறந்ததும் ஒரு மொத்தத் தொகை கட்டி வேறொரு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இதனால் எஸ்டேட் காரியஸ்தர்கள் உயிர்ப் பட்டியல் வைத்திருந்தார்கள்: பெயர், வயது, இருக்கிறாரா இல்லையா, வேறு ஊருக்குப் போயிருந்தால் எங்கே என்று ஓரத்தில் கிறுக்கியிருப்பார்கள். சர்ச் பதிவேட்டில் கிடைக்காத குடும்ப உறவுகள் இதில் கிடைக்கும்.

இதன் இன்னொரு விளைவு வாடகைப் பேரேட்டில் தெரியும். வாடகை ஐம்பது அறுபது வருடம் நகராமல் நிற்கும். எஸ்டேட் வருமானம் உயரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பணம் வாடகையாக வரவில்லை, பெயர் சேர்க்கும்போது கட்டும் மொத்தத் தொகையாக வந்தது. அது வேறு கணக்கில் இருக்கும். பிரெஞ்சுப் போர்க் காலத்தில் தானிய விலை ஏறியதும், நிலக்கிழார்கள் உயிர்க் குத்தகைகளைப் புதுப்பிக்காமல் வருடாந்தர வாடகைக்கு மாறினார்கள். அப்போது பேரேட்டில் எண் திடீரென்று எகிறும். அதுவும் முழுக்கப் புது வருமானம் இல்லை.

பேரேட்டின் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடது ஓரத்தில் குடியானவர் பெயர், அடுத்து பண்ணைப் பெயர், பழைய பாக்கி, அரை வருட வாடகை, இரண்டும் கூட்டிய தொகை, கட்டியது, கழிவு (வாடகையில் கழித்துக்கொடுத்த தொகை), புதுப் பாக்கி. தொகைகள் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்று மூன்று பத்திகளில். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கழிவுப் பத்தியை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் வரி, சுண்ணாம்பு, கூரை மரம் என்று எஸ்டேட்டின் அன்றாடம் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. தவணை நாள்கள் மார்ச் 25, செப்டம்பர் 29. ஆனால் மார்ச்சில் விழும் தவணையை மாதக்கணக்கில் விட்டு வசூலிப்பது வழக்கம். தலைப்பில் இருக்கும் தேதி பாக்கி விழுந்த தேதியா, வசூல் தேதியா என்று முதல் பக்கத்திலேயே தீர்த்துக்கொள்ளாவிட்டால் உங்கள் அட்டவணை முழுக்க அரை வருடம் நகர்ந்துவிடும்.

தேதியில் இன்னொரு குழி. 1752க்கு முன் அங்கே சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25இல். ‘1720 பிப்ரவரி 10’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721. மேனர் நீதிமன்றச் சுருள்கள் 1733 வரை லத்தீனில், அதுவும் பாதி எழுத்தை விழுங்கிய சுருக்கெழுத்தில் இருக்கும். 1650களில் ஓர் இடைவெளி: மன்னர் இல்லாத குடியரசு ஆட்சியில் சட்டப் பதிவுகளை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். லத்தீன் பழகாதவர்கள் அந்தப் பத்தாண்டுச் சுருளை முதலில் படித்து, திரும்பத் திரும்ப வரும் வாசகங்களைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்வது நல்ல உத்தி.

பெயர்கள் தமிழனுக்கு அவ்வளவு கஷ்டம் தரா. பழைய வெல்ஷ் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது. ரீஸ் ஆப் ஈவன் ஆப் ஓவன் என்றால் ஓவன் மகன் ஈவன், அவன் மகன் ரீஸ். ஆப் ஹவெல் காலப்போக்கில் பவல் ஆயிற்று, ஆப் ரீஸ் பிரைஸ் ஆயிற்று. ஒரே பண்ணையில் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுவதைப் பார்த்துக் குடி மாறிவிட்டது என்று எழுதிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் உண்டு. பெண்கள் கல்யாணமான பின்னும் தகப்பன் பெயரையே வைத்திருப்பார்கள் என்பதால், ஒரு விதவை குத்தகையைத் தொடரும்போது அந்நியப் பெயராகத் தோன்றும். எனவே ஆள் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாமல் பண்ணைப் பெயரைப் பிடித்துப் போக வேண்டும். அதிலும், புது வீடு என்று பொருள்படும் ‘டீ நெவித்’ ஒரே மாவட்டத்தில் எத்தனையோ இருக்கும். கூடவே ஊர்ப்பிரிவின் பெயரும் இல்லாமல் எந்தக் குறிப்பையும் எடுக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது? விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகச் சர்ச்சுக்குக் கட்டிய தசமபாகத்துக்காக, 1836 சட்டத்தின்படி வரைந்த வரைபடங்களிலிருந்து. ஒவ்வொரு வயலுக்கும் எண், உரிமையாளர், சாகுபடி செய்பவர், வயலின் பெயர், பரப்பு எல்லாம் பெரும்பாலும் உண்டு. வேல்ஸ் முழுவதற்குமான படங்களைத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே பண்ணையின் வயல் பெயர்களையும் பரப்பையும் குறித்துக்கொண்டு எஸ்டேட்டின் நில அளவைப் புத்தகங்கள் வழியாகப் பின்னோக்கிப் போகலாம். ஏக்கருக்கு 4 ரூட், ரூடுக்கு 40 பெர்ச். பரப்பு ஒத்துப்போகாவிட்டால் உடனே பண்ணை சுருங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய அளவையில் அந்தந்தப் பகுதியின் வழக்க ஏக்கர் கணக்கு இருந்திருக்கலாம்.

நம் கதைக்கு வருகிறேன். எட்வர்ட் கிளைவின் ஐந்தாண்டில் தமிழகத்தில் நடந்தவை: 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கு, 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் நாடு கம்பெனி கைக்கு வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கு, 1802இல் ஜமீன்தாரி முறையைக் கொண்டுவந்த 25ஆம் ஒழுங்குவிதி. ராஜாஜி மண்டபம் எனும் பழைய விருந்து மண்டபத்தை ஜான் கோல்டிங்ஹாம் கட்டியதும் இவர் காலத்தில்தான். 1800இல் ஹென்ரியெட்டா இரண்டு மகள்களோடு வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று ஏழு மாதம் ஊர் சுற்றினார். கணவர் சென்னையில், மனைவி வழியில். இருவருக்கும் இடையே கடிதங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

எழும்பூரில் இருப்பது கவர்னர் கவுன்சிலின் நடவடிக்கைக் குறிப்புகள். எல்லாரும் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தே எழுதியவை. முடிவு அங்கே இருக்கும், தயக்கமும் சண்டையும் இருக்காது. போர்க்காலத்தில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி சென்னைக்கே வந்து உட்கார்ந்துகொண்டு எட்வர்ட் கிளைவை ஓரங்கட்டினார் என்பதை எழும்பூர்க் காகிதங்களில் வரிகளுக்கு இடையில் ஊகிக்கத்தான் வேண்டும். தனிக் கடிதங்கள்தான் அந்த மனிதரை நேரில் காட்டும்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிதம் இங்கிலாந்துக்குப் போய்ச்சேர ஐந்தாறு மாதம் ஆகும். கப்பல் மூழ்கலாம், எதிரி பிடிக்கலாம் என்பதால் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதி எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். வேறு வேறு கட்டுகளில் கிடைக்கும் இந்தப் பிரதிகளைத் தனித்தனிக் கடிதங்களாக எண்ணிவிடும் அபாயம் உண்டு. மேல் மூலையில் இரண்டாம் பிரதி என்ற குறிப்பைத் தேடுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர்கள் எழுத்தரின் காதுக்கு எட்டியபடி இருக்கும். கட்டபொம்மனுக்கே பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. அட்டவணையில் ஒரு கூட்டலில் தேடிக் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடக் கூடாது.

தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் வரலாற்றுத் துறை உள்ள பல்கலைக்கழகங்களும் ஒன்றுசேர்ந்து, 1798 ஆகஸ்ட் முதல் 1803 வரையிலான எட்வர்ட், ஹென்ரியெட்டா கடிதங்களின் படிம நகல்களை அபெரிஸ்ட்வித்திலிருந்து பெற வேண்டும் என்பது என் கோரிக்கை. ‘போவிஸ் ஆவணங்கள் அனைத்தும்’ என்று மொத்தமாகக் கேட்டால் வேலை நடக்காது. முதலில் தொகுதிகளின் விவரப் பட்டியலை வாங்கி, அதிலிருந்து குறிப்பெண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். லண்டனில் உள்ளதை அதே பட்டியலில் ஒப்பிட்டுவிட்டால் ஒரே கடிதத்துக்கு இரண்டு முறை பணம் கட்ட நேராது. நகல் வந்ததும் அப்படியே அச்சிட்டுவிடலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. இதுவரை அச்சேறாத பழைய கையெழுத்துக் கடிதங்கள் பலவற்றுக்கு, எழுதியவர் இறந்து இருநூறு ஆண்டு ஆகியிருந்தாலும், பிரிட்டிஷ் சட்டப்படி 2039 முடியும்வரை பதிப்புரிமை இருக்கிறது. நகலுக்கு விண்ணப்பிக்கும்போதே வெளியீட்டு அனுமதி யாரிடம் பெற வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஆவண ஆய்வாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி